கற்பிப்போரும் கற்றல் வேண்டும்: ஊவாத் தோட்டப்புற நோயாளியை முன்னிறுத்திய ஒரு விமர்சனம்

1

கல்வி பற்றி நம்மிடையே எழும் விமர்சனங்கள் பெரும்பாலும் மாணவனையும் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் சுற்றியே நிகழ்வன. கற்பிப்பவர் கற்பிக்கக் கற்றது எவ்வாறு என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. எனினும் நம் மரபு இவ்வினாவை அறியாததன்று. நன்னூலார் இலக்கணங் கூறத் தொடங்குமுன், பொதுப்பாயிரத்தில், ஆசிரியனாதற்கு உரியவன் யார், உரியனல்லாதவன் யார் என்பவற்றை வரையறுத்துக்கொண்டார். மாணாக்கனது இயல்பு அதன் பின்னரே கூறப்பட்டது. இவ்வைப்புமுறையில் ஒரு கல்விக் கொள்கை பொதிந்துள்ளது எனலாம்.

மருத்துவக் கல்வியில் இவ்வினா ஏனைய துறைகளிற் காட்டிலும் கூர்மை பெறுகின்றது. இலக்கியம் கற்பிப்பவர் பிழைபடக் கற்பிப்பின் மாணவனது இரசனை கெடும். மருத்துவம் கற்பிப்பவர் பிழைபடக் கற்பிப்பின், நாளை அம்மாணவன் முன் வந்து நிற்கப்போகும் நோயாளி கெடுவான். அந்நோயாளியை இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட மொழியைப் பேசுபவளாக வைத்து நோக்குகின்றது. இடம் பதுளையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும்; நோயாளி கொழுந்து பறிக்கும் ஒரு பெண். மருத்துவ மாணவரையும் பட்டப்பின் பயிலும் வைத்தியரையும் பயிற்றுவோர்க்கென இந்நாட்டில் வளர்ந்துவந்த ஆசிரியப் பயிற்சி, இப்பெண்ணின் படுக்கையருகே எத்துணைப் பெறுமதி உடையதாகின்றது? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

2

மருத்துவ ஆசிரியருக்குத் தனியே பயிற்சி வேண்டும் என்னும் கருத்து மிகப் பழையதன்று. நோயைச் சிறப்பாக அறிந்தவர் அதனைச் சிறப்பாகக் கற்பிப்பார் என்பதே நெடுங்கால நம்பிக்கை. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் மில்லர் என்னும் வைத்தியப் பேராசிரியர் இந்நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கி, மருத்துவப் பேராசிரியரையும் கல்வியியலாளரையும் ஒரே மேசையில் அமர்த்தினார். மருத்துவக் கல்லூரிகளிற் கற்பித்தலும் கற்றலும் நிகழும் முறைபற்றி அவர் தம் துணைவரோடு எழுதிய நூல் 1961இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் இச்சிந்தனையை மூன்றாம் உலக நாடுகளுக்குக் கொண்டுசென்றது. 1970களில் தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கான ஆசிரியப் பயிற்சி நிலையமொன்று நம் பேராதனையிலேயே அமைந்தது. தமிழகத்தை அடுத்த புதுச்சேரி ஜிப்மரில் 1975இல் இந்தியாவின் தேசிய ஆசிரியப் பயிற்சி நிலையம் தோன்றியது.

பேராதனையின் இம்முயற்சியைப் பேசுமிடத்துப் பேராசிரியர் சேனக்க பிபிலையை மறத்தல் இயலாது. ஊவாவின் பிபிலையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்த அவர், மருந்தியற் பேராசிரியராகவும் பேராதனை மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவரது தலைமையில் உருவாகியதை உலகறியும். 1977இல் அவர் கயானாவில் மரணமானார். மருந்துக் கொள்கையின் சிற்பியாகவே அவர் இன்று நினைக்கப்படுகிறார்; மருத்துவக் கல்வி அலகின் முன்னோடியாக நினைக்கப்படுவது குறைவு. ஆயின் இவ்விரு பணிகளும் ஒரே நோக்கின் இரு முகங்கள். எம்மருந்து மக்களுக்குத் தேவை என்று கேட்ட அதே அறிவே, எக்கல்வி மக்களுக்குத் தேவை என்றும் கேட்டது. மருந்தானாலும் பாடமானாலும் விற்போனின் பக்கத்திலிருந்தன்றி, அதனை உட்கொள்வோன் பக்கத்திலிருந்து நோக்கியமையே அவரது தனித்துவம்.

இவ்வியக்கம் சாதித்தவை சிலவல்ல. பாடத்தின் நோக்கங்களை முன்கூட்டியே வரையறுத்தல், பேருரையைக் குறைத்துச் சிறுகுழுக் கலந்துரையாடலை வளர்த்தல், மாணவனுக்கு அவனது குறைநிறைகளை உரிய வேளையில் எடுத்துரைத்தல் என்பன அதன் பேறுகள். ஸ்கொத்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகஞ் செய்த பல நிலையச் செய்முறைப் பரீட்சை, பரீட்சகரின் விருப்பு வெறுப்பு மதிப்பெண்ணைத் தீர்மானித்த நிலையைப் பெரிதும் மாற்றியது. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று.

எனினும் இவ்வனைத்தும் ஆசிரியன், மாணவன் என்னும் இருவருக்கிடைப்பட்ட உறவையே கருப்பொருளாகக் கொண்டன என்பது மனங்கொளத்தக்கது. மூன்றாமவரான நோயாளி, கற்பித்தலுக்குரிய ஒரு சாதனமாக, கரும்பலகையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். பரீட்சை நிலையத்தில் நோயாளியாக நடிப்பவர் குறித்த சில நிமிடங்களுக்குள், கேட்ட கேள்விக்கு உரிய விடையைத் தருபவர். பதுளையில் நோயாளி அவ்வாறு வருவதில்லை.

3

பதுளை மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர் என்பதை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டுகின்றது. அவருள் மிகப் பெரும்பாலோர் மலையகத் தோட்டச் சமூகத்தினர். பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து கடும் நோயாளர் இறுதியில் வந்து சேருமிடம் பதுளைப் பெரியாஸ்பத்திரி.

இத்தகைய வைத்தியசாலையிற் கற்பிப்பவர் யார்? மருத்துவ பீடங்கள் கொழும்பில் 1870 முதலும், பேராதனையில் 1962 முதலும், யாழ்ப்பாணத்தில் 1978 முதலும் வளர்ந்தவை. அவற்றின் விரிவுரையாளர் கற்பிக்கும் தொழிலுக்கென நியமனம் பெற்றவர்கள். ஆனால் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் உண்மையில் வைத்தியராவது, அதன் பின்னரான ஓராண்டு உள்ளகப் பயிற்சியிலேயாகும். அப்பயிற்சியை அளிப்போர் சுகாதார அமைச்சின் வைத்திய நிபுணர்கள். 1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின்கீழ் நிபுணத்துவம் பயில்வோரும் மாகாண வைத்தியசாலைகளில் இத்தகையோரிடமே தொழில் கற்கின்றனர். காலையில் நிறைந்து வழியும் வாட்டு, அதன்பின் கிளினிக், இரவில் அழைப்பு என்னும் சுமைகளுக்கிடையே கற்பித்தல் அவருக்கு இரண்டாவது தொழில். பயிற்றுநருக்கான செயலமர்வுகள் நடைபெறாமலில்லை. ஆனால் அவை நிகழும் மண்டபம் வேறு, கற்பித்தல் நிகழும் வாட்டு வேறு.

ஆசிரியப் பயிற்சியின் கனி எங்கே பழுக்கவேண்டுமோ அங்கே அது சென்றடைவதில்லை என்பது முதற் குறை. ஆயின் இது தூரத்தால் விளைந்த குறை மாத்திரமே. அப்பயிற்சி அப்படியே வாட்டுக்குள் கொண்டுவரப்படினும் தீராத வேறொரு குறையும் உண்டு. அதனை விளக்க ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம்.

4

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, முப்பத்தைந்து வயதுடைய பெண்ணொருத்தி விடியற்கால பஸ்ஸில் புறப்பட்டு வருகிறாள் எனக் கொள்வோம். அவள் கூறுவது இது: “மேலுக்குச் சொகமில்லைங்க. மலைக்குப் போனாக் கிறுகிறுன்னு வருது. நெஞ்சு படபடங்குது.” அருகே நிற்கும் சிற்றூழியர் ஓரளவு தமிழ் அறிந்தவர். அவர் சிங்களத்தில் எடுத்துக் கூறுவது: உடம்பு சரியில்லையாம், மலை ஏறினால் தலை சுற்றுகிறதாம். உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுவது: தலைச்சுற்று. மூன்று மொழிகளைக் கடந்த அவளது துயரம் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

இப்பொழுது நிபுணர் வருகிறார். அவர் நற்பயிற்சி பெற்ற ஆசிரியர். விடையைத் தாமே கூறாது, தலைச்சுற்றின் காரணங்கள் யாவை என இளையவரைக் கேட்கிறார். இளையவர் காதின் உட்பகுதியிலிருந்து மூளை வரை ஒழுங்காக அடுக்குகிறார். விடுபட்டதை மற்றொரு மாணவி நிரப்புகிறாள். ஆசிரியர் பாராட்டுகிறார், திருத்துகிறார், நேரத்துள் முடிக்கிறார். செயலமர்வொன்றின் மதிப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதனை நோக்குபவர் எல்லாக் கட்டங்களிலும் புள்ளி இடுவார். அந்தப் பெண்ணோ இவ்வளவு நேரமும் பேசாதிருக்கிறாள்.

தோட்டத்து வழக்கில் மேல் என்பது உடம்பு. மலை என்பது மலையுச்சியன்று, கொழுந்து பறிக்கும் வேலைத்தலம். மலைக்குப் போதல் என்பது வேலைக்குப் போதல். சரிவில் ஏறியிறங்கிக் கூடையைச் சுமந்து உழைக்கும்போது மயக்கம் வருகிறது, இதயம் படபடக்கிறது என்பதே அவள் கூறியது. அது இரத்தச்சோகையை நோக்கி விரல் நீட்டும் சொல். படபடப்பு மொழிபெயர்ப்பிலே உதிர்ந்தது. மலை என்ற சொல் பிழையான பொருளைத் தந்தது. பிந்திய இரத்தப் பரிசோதனையில் உண்மை வெளிவரலாம். அப்பொழுதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதப்பட்டு, இரு வாரத்தின் பின் வரச்சொல்லப்படும். அவள் “சரிங்க” என்பாள். அம்மாத்திரையை எதனோடு விழுங்குவாய் என்று கேட்பார் இலர். அவள் அதனைச் சாயத்தண்ணியோடு விழுங்குவாள். தேயிலையிலுள்ள பொருள்கள் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுப்பன என்பது மருத்துவ மாணவர் யாவரும் அறிந்த பாடம். தேயிலையைப் பறிப்பவளுக்கு அப்பாடம் சென்று சேர்வதில்லை. இரு வாரத்தின் பின் அவள் வரவும்மாட்டாள். வந்தால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் குறைந்துவிடும்.

முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு பெண் கூறின் அது அவள் கருவுற்றிருப்பதைக் குறிக்கும். சொல்லை மாத்திரம் பெயர்ப்பவன் அவள் குளிக்கவில்லை என்று எழுதக்கூடும். இத்தகைய எடுத்துக்காட்டுகள் நகைச்சுவைக்குரியன போலத் தோன்றலாம். மாத்திரை கொடுக்கப்படும் இடத்தில் அவை நகைச்சுவையல்ல.

நாம் கற்பனை செய்த ஆசிரியர் தீயவரல்லர்; சோம்பரல்லர்; கற்பிக்கத் தெரியாதவருமல்லர். அவர் மாணவரை மையமாகக் கொண்டு கற்பித்தார். அன்று அவரது மாணவர் கற்றுக்கொண்டது தலைச்சுற்றின் காரணங்களை மாத்திரமன்று. இத்தகைய நோயாளியிடம் நேரே பேசவேண்டியதில்லை, அவளது மௌனம் இடையூறாகாது, சிற்றூழியரின் ஒரு வாக்கியம் போதுமானது என்பவற்றையும் அவர்கள் கற்றார்கள். பாடத்திட்டத்தில் எழுதப்படாத இப்பாடமே ஆயுள் முழுவதும் நிலைப்பது. சொல்லிக்கொடுத்தது மறக்கும், செய்துகாட்டியது மறப்பதில்லை.

5

இம்மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டமும், அதனைத் தொடர்ந்து 1912இல் இயற்றப்பட்டவையும் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தை ஒழுங்குபடுத்தின. தோட்டங்களில் மருந்துக் காம்பிராக்கள் தோன்றின. ஆனால் அவ்வமைப்பின் அடிப்படையான வினா, இவர் நோயாளியா என்பதன்று. இவர் இன்று வேலை செய்யத் தகுதியுடையவரா என்பதேயாகும். சுகவீனம் என்று கூறுபவர் வேலைக்குக் கள்ளமிடுகிறார் என்ற ஐயத்துடனேயே அவரது வார்த்தை கேட்கப்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின், நாடற்றோர் என்னும் பெயரும் அவர்மீது ஏறியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றல் அதன் பின்னரே தொடங்கி, இன்னும் முற்றுப்பெறாதுள்ளது. தேசிய சுகாதார சேவையின் நடுவே தோட்டம் ஒரு தனித்தீவாகவே நெடுங்காலம் இருந்தது.

எனவே அப்பெண் கூறும் “சரிங்க” என்ற சொல் சம்மதத்தைக் குறிப்பதன்று. துரைக்கும் கங்காணிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கூறிப் பழகிய விடை அது. இதனை அறியாத ஆசிரியர், நோயாளி விளங்கிக்கொண்டார் என மாணவருக்குக் கூறுவார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்றோரின் புனைகதைகளில், ஒற்றைக் காம்பிராவுள் நெருக்குண்டு வாழும் லயத்துக் குடும்பம் உள்ளிருந்து காட்டப்பட்டுள்ளது. நோயாளியின் வரலாற்றை எழுதப் பயிலும் மாணவனுக்கு இவ்விலக்கியம் பொழுதுபோக்கன்று. படுக்கையருகே கிட்டாத தகவல். மருத்துவ ஆசிரியருக்கான பயிற்சியில் இத்தகைய ஆக்கமொன்றும் வாசிக்கப்பட்டுக் கலந்துரையாடப்படுமாயின், அது மிகையாகாது.

6

மொழியை முன்னிறுத்தும் இக்கூற்று புதியதொரு கோரிக்கையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்ற பின், மானிப்பாயில் ஆங்கில மூலம் மாணவரைப் பயிற்றினார். அவ்வாறு பயின்றோர் கிராமங்களில் தங்காது உத்தியோகம் தேடிப் புறப்படுவதைக் கண்டு, 1860களில் தமிழ் மூலம் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் நூல்கள் தமிழாயின, கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. 1873இல் அவர் நாடு திரும்பிய பின் அம்முயற்சி நெடிது நிலைக்கவில்லை.

கிறீனின் முயற்சியைப் போற்றுதல் நம்மிடையே வழக்கம். போற்றுதலோடு நில்லாது அதனை மதிப்பிடவும் வேண்டும். வேற்று மண்ணிலிருந்து வந்த ஆசிரியரொருவர் முதலில் தம்மை மாணவராக்கிக்கொண்டார் என்பதே அதன் முதன்மையான சிறப்பு. கலைச்சொற்கள் யாவும் வைத்தியனிலிருந்து நோயாளிக்குச் செல்லும் சொற்களாகவே இருந்தமை அதன் எல்லை. நோயாளியிடமிருந்து வைத்தியனை நோக்கி வரும் சொற்களைத் தொகுக்கும் பணி அன்று நிகழவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரும், நம் கலைச்சொல்லாக்க முயற்சிகள் பெரும்பாலும் அதே திசையிலேயே செல்கின்றன. இருதய நோய்க்கு எத்தனையோ தமிழ்ப் பெயர் உண்டு. படபடப்பை எத்தனை ஊரார் எவ்வெவ்வாறு சொல்கிறார்கள் என்பதற்கு மாணவன் கையிற் கொள்ளத்தக்க ஓர் அகராதி இல்லை.

7

இரு ஆட்சேபங்களுக்கு விடை கூறவேண்டும். முதலாவது, தமிழ் வைத்தியரை நியமித்தால் இச்சிக்கல் தீரும் என்பது. அவர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பதுளைக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டு. ஆயின் அது மாவட்டத்துக்குரியது, லயத்துப் பிள்ளைக்கென உரியதன்று. தமிழ் மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்கத்தக்க பாடசாலைகள் தோட்டப்புறத்துக்கு எட்டும் தொலைவில் மிகச் சில. இத்தடைகளைத் தாண்டி ஒருவர் வைத்தியரானாலும் சிக்கல் முற்றாகத் தீர்ந்ததாகாது. ஐந்தாண்டு ஆங்கிலக் கல்வி, தன் தாயின் சொற்களையே நோயின் சொற்களாகக் கருதாதிருக்கும்படி அவரைப் பழக்கிவிடக்கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தமிழ் வைத்தியருக்கும் மலைக்குப் போதல் புதிய தொடரே. தமிழறிதல் வேறு, இந்நோயாளியின் தமிழை அறிதல் வேறு.

இரண்டாவது ஆட்சேபம் மேலும் வலுவானது. படுக்கையில் இடமின்றித் தரையிலும் நோயாளர் கிடக்கும் வாட்டில், இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்பது. இது நேர்மையான வினா. வைத்தியரின் சுமையைக் கணக்கிற் கொள்ளாத எந்த ஆலோசனையும் உபதேசமாகவே முடியும். ஆகையால் புதிய செயலமர்வொன்றைக் கூட்டுவதினும், ஏற்கெனவே நிகழும் கற்பித்தலின் இயல்பை மாற்றுவதே தக்கது. வாட்டைச் சுற்றிவரும் ஆசிரியர் ஒரு நோயாளியிடத்தேனும், காரணங்களைக் கேட்குமுன், அவள் சொன்ன சொல்லை அப்படியே சொல்லும்படி மாணவனைக் கேட்கலாம். சொல்லத் தெரியாதவிடத்து அங்கிருந்தே பாடம் தொடங்கட்டும். இதற்குச் செலவாகும் நேரம் இரு நிமிடம்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. அத்தேர்ச்சி ஒரு பரீட்சையாக நின்றுவிடும்வரை பயன் சிறிதே. மொழியை நிர்வாகக் கடமையாக அன்றி, நாடி பார்த்தல் போன்றதொரு மருத்துவத் திறனாகக் கற்பிக்கவேண்டும். அதனைக் கற்பிக்கும் பொறுப்பு மொழி ஆசிரியரோடு மருத்துவ ஆசிரியருக்கும் உரியது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைபுரிவோனையும் ஒரு கூறாக எண்ணுகின்றது. நம் கற்பனைக் காட்சியில் மொழிபெயர்த்த சிற்றூழியர் அந்நான்காம் கூற்றினர். ஆனால் அவருக்குப் பயிற்சியில்லை, அப்பணிக்கென ஊதியமில்லை, பிழைபோயிற் பழி மாத்திரம் உண்டு. அவரையும், தோட்டத்து மருத்துவ உதவியாளரையும், மருத்துவிச்சியையும் கற்பித்தலின் பங்காளராக ஏற்றுக்கொள்ளும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். தம்மினும் பதவியிற் குறைந்தவரிடம், மாணவர் முன்னிலையில், இதன் பொருள் என்ன என்று நிபுணர் கேட்பாராயின், அது ஒரு மாதச் செயலமர்வினும் பெரிய பாடமாகும்.

8

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் மருத்துவ ஆசிரியரைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என வினவுவோர் இருக்கலாம். நாம் மருத்துவம் கற்பிக்க முற்படவில்லை. ஆயின் நோயாளியின் சொல் மருத்துவத்துக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு தமிழுக்கும் உரியது. பசறையிலும் மடூல்சீமையிலும் அப்புத்தளையிலும் மக்கள் நோவையும் காய்ச்சலையும் கருவையும் சோர்வையும் எச்சொற்களாற் கூறுகின்றனர் என்பதை விடுமுறைக் காலத்தில் சென்று கேட்டு, குறித்து, பொருள் வகுத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதித் தொகுக்கும் பணி நம்மால் இயலாததன்று. தமிழ்த்துறை மாணவரும் மருத்துவ பீட மாணவரும் ஒருங்கு சேரின் ஓராண்டில் அதற்கொரு வடிவம் கொடுக்கலாம். வாட்டுக்குச் செல்லும் இளைய வைத்தியரின் சட்டைப் பையில் அடங்குமளவுக்கு அது சிறிதாயிருத்தல் நன்று.

மருத்துவ ஆசிரியருக்கான பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் அளவுகோல்கள் பல உள. பங்குபற்றியோர் எண்ணிக்கை, வழங்கப்பட்ட சான்றிதழ், மாணவரின் கருத்துரை என்பன அவற்றுட் சில. ஊவாவைப் பொறுத்தவரை இன்னுமோர் அளவுகோல் வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் அடுத்த நாட் காலை வாட்டுக்குள் நுழையும்போது, கொழுந்து பறிக்கும் பெண் வாய் திறந்து பேசினாளா? பேசியதை மாணவன் எழுதினானா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும்வரை, கற்பிப்போர் இன்னும் கற்கவேண்டியவராகவே உள்ளனர் எனல் வேண்டும்.